38-ஆ, 9 எம்எம்-ஆ, 45-ஆ: ரீலோடிங்கை எதில் தொடங்குவது?

தங்கை வீட்டு மாப்பிள்ளை டல்லாஸ் பக்கம் இருக்கிறார். போன வருடம் அங்கே போய் மூன்று மாதம் தங்கினேன். இங்கே கோவை கணபதியில் எனக்கு லேத் பட்டறை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரைஃபிள் கிளப்புக்குப் போய் 22-ம் 32-ம் சுடுகிற பழக்கமும் உண்டு. இது இரண்டும் தெரிந்த மாப்பிள்ளை, நான் போய் இறங்கிய நாலாம் நாளே கார் ஷெட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். உள்ளே ஒரு புது மேசை, அதன் மேல் பிரிக்காத ஒரு ரீலோடிங் பிரஸ் (சுட்ட காலிக் கூட்டில் புதுப் பொட்டு, வெடிமருந்து, குண்டு ஏற்றி மறுபடி தோட்டாவாக்கும் கருவி), கீழே பெயிண்ட் வாளி நிறையக் காலிப் பித்தளைக் கூடுகள்.

"ஏனுங்க மச்சான், எங்கிட்ட மூணு இருக்குதுங்க. 357 ரிவால்வர் ஒண்ணு, 9 எம்எம் ஒண்ணு, 45 ஒண்ணு. மூணுக்கும் டை செட், அதான் கூட்டை அளவுக்குக் கொண்டுவர்ற அச்சு, வாங்கினா காசு போயிரும். முதல்ல எதுக்கு வாங்கறதுங்க?"

அவருக்கு நான் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இதே கேள்வியோடு இருக்கிறார்கள். இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: இங்கே இதை வீட்டில் செய்யவே கூடாது. அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். மாப்பிள்ளை ஒரு 38 ஸ்பெஷல் குண்டை எடுத்து வெர்னியரில் பிடித்தார். 0.357 இஞ்ச் காட்டியது. "வெர்னியர் தப்புங்களா?" என்றார். வெர்னியர் சரிதான், பெயர்தான் தப்பு. நம் ஊரில் அரை இஞ்ச் ஜிஐ பைப்பை அளந்து பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. வெளி விட்டம் 21 மில்லிமீட்டருக்கு மேல் வரும், அரை இஞ்ச் எங்கேயும் வராது. யாரோ எப்போதோ வைத்த பெயர், அப்படியே நின்றுவிட்டது. 38-ம் அப்படித்தான். பழைய காலத்தில் குண்டும் கூடும் ஒரே விட்டத்தில், 0.38 இஞ்ச்சை ஒட்டி இருந்தன. பிறகு குண்டைக் கூட்டுக்குள் இறக்கிச் சொருகும் முறை வந்து குண்டு மெலிந்தது. பெயர் மட்டும் மெலியவில்லை. 1935-இல் வந்த 357 மேக்னம் உண்மை அளவையே பெயராக வைத்துக்கொண்டது. இரண்டுக்கும் குண்டு ஒன்றுதான், மேக்னத்தின் கூடு கொஞ்சம் நீளம், அழுத்தமும் அதிகம். அதனால் 357 ரிவால்வரில் 38 ஸ்பெஷலைச் சுடலாம். தலைகீழாக முடியாது, கூடாது.

9 எம்எம் இதைவிட மோசம். 9 என்று பெயர் வைத்துக்கொண்டு மூன்று பேர் வாளிக்குள் கிடப்பார்கள். 1902-இல் வந்த லூகர், அதாவது 9x19, குண்டு 0.355 இஞ்ச். 380 ஏசிபி என்று அமெரிக்காவிலும் 9 குர்ஸ் என்று ஜெர்மனியிலும் சொல்லப்படுவது 9x17. குண்டின் விட்டம் அதேதான், கூடு 2 மில்லிமீட்டர் குட்டை. ரஷ்யக்காரர்களின் மகரோவ் 9x18, ஆனால் அதன் குண்டு 0.365 இஞ்ச், கிட்டத்தட்ட 10 தௌ (ஒரு தௌ என்பது இஞ்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன். லேத்தில் 10 தௌ என்றால் எவ்வளவு பெரிய சங்கதி என்று பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். வாளியிலிருந்து அள்ளும்போது பின்பக்க முத்திரையைப் படிக்காமல் ஒரு கூட்டைக்கூட மேசைக்கு ஏற்றாதீர்கள்.

குண்டின் எடையை அமெரிக்காவில் கிரெயினில் சொல்கிறார்கள். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 15.4 கிரெயின். நமக்கு இதைப் பவுனில் சொன்னால் உடனே பிடிபடும். 9 எம்எம்-இல் அதிகம் புழங்கும் 124 கிரெயின் குண்டு சரியாக ஒரு பவுன், 8 கிராம். 38-இன் 158 கிரெயின் குண்டு ஒன்றே கால் பவுனுக்குச் சற்று மேல். 45-இன் 230 கிரெயின் குண்டு இரண்டு பவுனுக்கு ஒரு கிராம் குறைவு. இதைச் சொன்னதும் தங்கை சமையலறையிலிருந்தே, "ஒரு தடவை சுட்டா ரெண்டு பவுனு போகுதா?" என்று கேட்டாள். ஈயம்தான் என்று சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. மருந்தையும் இதே கிரெயினில்தான் நிறுக்க வேண்டும். ஆனால் அங்கே கணக்கு கிரெயினின் பத்தில் ஒரு பங்கு வரை போகும். ஒரு குன்றிமணியே 2 கிரெயினுக்குக் கிட்ட வரும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கென்றே விற்கும் தராசுதான் வேண்டும்.

சரி, பிரைமருக்கு வருவோம். முடிவெடுக்க உதவும் விஷயம் பாதிக்கு மேல் இந்தச் சின்னப் பொட்டில்தான் இருக்கிறது.

தீபாவளிக்குப் பொட்டு வெடியைக் கல்லில் வைத்து இன்னொரு கல்லால் தட்டியிருப்பீர்கள். பிரைமர் அந்த ஜாதிதான். ஒரு குட்டி உலோகக் கிண்ணம், அதன் அடியில் அடிபட்டால் தீப்பிடிக்கும் மருந்து, மேலே கொல்லன் பட்டறை அடைகல் மாதிரி ஒரு சிறு தகடு. துப்பாக்கியின் ஊசி கிண்ணத்தின் முதுகில் இடிக்கும்போது மருந்து கிண்ணத்துக்கும் அடைகல்லுக்கும் நடுவில் நசுங்கித் தீயைக் கக்கும். அந்தத் தீ கூட்டின் அடியிலுள்ள துளை வழியே உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பற்றவைக்கும்.

அந்த அடைகல் எங்கே இருக்கிறது என்பதை வைத்து இரண்டு வகை. பிரைமருக்குள்ளேயே இருந்தால் பாக்ஸர். கூட்டின் அடியிலேயே பித்தளையோடு ஒன்றாக இருந்தால் பெர்டான். பாக்ஸர் இங்கிலாந்துக்காரர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் இன்று அமெரிக்கா முழுக்கப் புழங்குவது ஆங்கிலேயர் செய்தது, ஐரோப்பாவில் பல இடங்களில் புழங்கியது அமெரிக்கர் செய்தது. சம்பந்தம் மாற்றிக் கட்டிக்கொண்ட கதை. நமக்கு வேண்டியது பாக்ஸர்தான். டார்ச் அடித்துக் கூட்டுக்குள் எட்டிப் பாருங்கள். நடுவில் ஒரே துளை தெரிந்தால் பாக்ஸர், பழைய பிரைமரை ஒரு கம்பியால் நேரே குத்தித் தள்ளிவிடலாம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பொடித் துளை தெரிந்தால் பெர்டான். அதைப் பழைய பித்தளைக்குப் போட்டுவிடுங்கள், மல்லுக்கட்ட வேண்டாம்.

கைத்துப்பாக்கிக்கான பிரைமர் இரண்டு அளவில் வரும். ஸ்மால் பிஸ்டல் 0.175 இஞ்ச், லார்ஜ் பிஸ்டல் 0.210 இஞ்ச். 32, 380, 9 எம்எம், 38, 357, 40 எல்லாம் ஸ்மால். 10 எம்எம் ஆட்டோ, 44 மேக்னம், 45 லார்ஜ். ஒவ்வொன்றிலும் மேக்னம் என்று ஒரு சூடான ரகமும் உண்டு. எளிதில் பற்றாத சில மருந்துகளுக்கு அது வேண்டும். புத்தகத்தில் மேக்னம் என்று போட்டிருந்தால் மேக்னம், இல்லையென்றால் சாதா. கடையில் இதுதான் கிடைத்தது என்று மாற்றிப் போட்டால் அழுத்தம் மாறும்.

ரைஃபிள் பிரைமரும் அதே விட்டத்தில் வரும். ஸ்மால் ரைஃபிளும் ஸ்மால் பிஸ்டலும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் ரைஃபிளின் கிண்ணம் கெட்டி. கைத்துப்பாக்கியின் ஊசி சில சமயம் அதைச் சரியாகக் குழிக்காது, டிக்கென்று சத்தம் மட்டும் வரும். பிஸ்டல் பிரைமரை ரைஃபிளில் போட்டால் இன்னும் ஆபத்து, மெல்லிய கிண்ணம் துளைத்துக்கொண்டு பின்பக்கம் சூட்டுக் காற்று வரும். லார்ஜ் ரைஃபிள் பிரைமர் உயரமும் கொஞ்சம் அதிகம், பிஸ்டல் கூட்டில் முழுக்க இறங்காமல் துருத்திக்கொண்டு நிற்கும்.

இப்போது மாப்பிள்ளையின் மூன்றையும் பார்ப்போம்.

9 எம்எம்-ஐப் பற்றி எனக்கு ஆர்வமில்லை, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடையில் புதுத் தோட்டாவிலேயே மலிவானது அதுதான். ரீலோடிங் செய்து மிச்சம் பிடிப்பது சொற்பம். துப்பாக்கி ஒவ்வொரு கூட்டையும் பின்னால் எங்கேயோ வீசும், குனிந்து பொறுக்க வேண்டும். பொறுக்கியதில் வட்டத்துக்குள் சிலுவை போட்ட நேட்டோ முத்திரைக் கூடுகள் வரும். அவற்றில் பிரைமரைச் சுற்றிப் பித்தளையை நசுக்கி இறுக்கியிருப்பார்கள். பழையதைத் தள்ளிய பிறகு அந்த விளிம்பைச் சீர் செய்தால்தான் புதுப் பிரைமர் இறங்கும். இதெல்லாம் வேலை, ஆபத்தில்லை. ஆபத்து வேறிடத்தில். கூடு 19 மில்லிமீட்டர்தான் நீளம், உள்ளே இடம் குறைவு. அனுமதித்த உச்ச அழுத்தமோ 35,000 பிஎஸ்ஐ (சதுர இஞ்ச்சுக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு). குண்டைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே அமுக்கிவிட்டால் இருக்கிற இடமும் சுருங்கி அழுத்தம் மளமளவென்று ஏறும். புதிதாகக் கற்பவர் தவறு செய்ய இங்கே இடைவெளி கம்மி.

45-க்கு நல்ல பெயர் உண்டு. 1911 என்ற மாடல் பிஸ்டலோடு நூறு வருடத்துக்கு மேல் ஓடிய தோட்டா. உச்ச அழுத்தம் 21,000 பிஎஸ்ஐதான், அதனால் பித்தளை அடிவாங்காது, ஒரே கூட்டைத் திரும்பத் திரும்ப நிரப்பலாம். குண்டு பெரியது, கையில் பிடிக்க வாகாக இருக்கும். புதுத் தோட்டா விலை அதிகம் என்பதால் மிச்சமாகும் காசும் அதிகம். நானே முதலில் 45 என்றுதான் சொல்லவிருந்தேன். அந்தச் சனிக்கிழமை நடந்தது மனதை மாற்றியது.

புதுப் பிரஸ்ஸைப் பிரிக்கும் முன்பே, நண்பர் ஒருவரிடமிருந்து பழைய பிரஸ்ஸை இரவல் வாங்கி மாப்பிள்ளை 45 கூடுகளுக்குப் பிரைமர் ஏற்றிக்கொண்டிருந்தார். பிரஸ்ஸின் கைப்பிடி பத்துப் பதினைந்து கூட்டுக்கு வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. அடுத்ததில் நின்றுவிட்டது. "இறுகிருச்சுங்க" என்று தோளைக் கொடுத்தார். நிறுத்துங்க என்று நான் சொல்வதற்குள் ஒரு தடவை அமுக்கிவிட்டார். நல்ல வேளை, வெடிக்கவில்லை. மருந்தும் பக்கத்தில் இல்லை. கூட்டை எடுத்துப் பார்த்தால், பிரைமர் ஒரு பக்கம் நசுங்கி, கோணலாக, பாதி உள்ளே பாதி வெளியே. முத்திரை மற்றவை மாதிரியேதான், 45 ஆட்டோ என்று. குழியை வெர்னியரில் பிடித்தேன், 0.175-ஐ ஒட்டி வந்தது. சில கம்பெனிகள் 45-ஐயும் ஸ்மால் பிரைமர் குழியோடு செய்து விடுகின்றன. வாளியில் இரண்டும் கலந்து கிடந்தன. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிரித்தோம், ஸ்மால் மட்டும் ஒரு தகர டப்பா நிறைய வந்தது.

லேத்தில் டூல் இறுகினால் பலத்தைக் கூட்டலாம், இங்கே கூடாது. கைப்பிடி நின்றால் கையை எடுத்துவிட்டு ஏன் என்று பார்க்க வேண்டும். இந்தப் பழக்கம் கையில் ஊறும்வரை 45 வேண்டாம் என்று அன்றைக்குச் சொன்னேன்.

மிச்சமிருப்பது 38 ஸ்பெஷல். 1898-இல் வந்த கிழம். ஆனால் கற்றுக்கொள்ள இதைவிடப் பொறுமையான வாத்தியார் கிடையாது. அவரிடம் ரிவால்வர் இருப்பதால் கூடு எங்கேயும் பறக்காது, ஆறையும் உள்ளங்கையில் கொட்டிக்கொள்ளலாம். எது யார் சுட்டது, எத்தனையாவது முறை என்று கணக்கு வைக்கலாம். பிரைமர் ஸ்மால். உச்ச அழுத்தம் 17,000 பிஎஸ்ஐ, 9 எம்எம்-இன் பாதிக்கும் கீழே. 9 எம்எம் கூடு மேலே போகப் போகக் குறுகும், இது நேரான குழாய், உள்ளே வெளியே அளப்பது சுலபம். அந்த ஒரே டை செட்டை அளவு மாற்றி வைத்தால் பின்னால் 357-க்கும் ஓடும். அவர் கேட்ட காசுக் கணக்குக்கு இதுவே பாதிப் பதில்.

இதற்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. அதைச் சொல்லாமல் 38-ஐ யாருக்கும் சிபாரிசு செய்யக் கூடாது. இது கரிமருந்துக் காலத்துக் கூடு. கரிமருந்துக்கு இடம் நிறைய வேண்டும், அதனால்தான் 29 மில்லிமீட்டர் நீளம். இன்றைய புகையில்லா மருந்து அதில் அடியில் கொஞ்சமாகப் படுத்துக் கிடக்கும். ஞாபக மறதியில் இரண்டாவது தடவை மருந்து ஊற்றினாலும் கூடு வழியாது, மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. 9 எம்எம்-இல் பல மருந்துகள் இரட்டையாக விழுந்தால் விளிம்பு வரை வந்து காட்டிக் கொடுத்துவிடும், 38 காட்டிக் கொடுக்காது. துப்பாக்கியின் சிலிண்டர் பிளந்து போவதற்கு அந்த ஒரு தோட்டா போதும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மருந்தே விழாமல் பிரைமரின் வேகத்தில் குண்டு குழலுக்குள் பாதியில் நின்றுவிடும். சத்தம் வழக்கத்தைவிடக் கம்மியாகக் கேட்டால் அடுத்ததைச் சுடாமல் குழலைப் பார்க்க வேண்டும்.

அதற்கு மாப்பிள்ளைக்கு நான் வைத்த ஏற்பாடு ரொம்பச் சாதாரணம். ஒரு மரக்கட்டையில் ஐம்பது குழி. மருந்து ஊற்றாத கூடு எல்லாம் தலைகீழாக நிற்கும். ஊற்றியது மட்டும்தான் நிமிரும். ஐம்பதும் நிமிர்ந்த பிறகு, ஒரு குண்டைக்கூடத் தொடாமல், டார்ச்சை வைத்து வரிசை வரிசையாக உள்ளே பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் மருந்து மேலே தெரிந்தாலோ ஆழத்தில் இருந்தாலோ கண் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் போன் எடுக்கக் கூடாது, குழந்தைகள் உள்ளே வரக் கூடாது. பிரஸ்ஸும் ஒரு தடவைக்கு ஒரே வேலை செய்கிற ஒற்றைப் பிரஸ்தான். ஒரு இழுப்பில் நாலு வேலை செய்கிற மெஷினெல்லாம் அப்புறம். எவ்வளவு மருந்து என்று என்னைக் கேட்காதீர்கள், இணையத்திலும் கேட்காதீர்கள். மருந்துக் கம்பெனியும் குண்டுக் கம்பெனியும் போட்ட புத்தகத்தில் உள்ள குறைந்த அளவில் தொடங்குங்கள்.

பிரைமர் இறக்கியதும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கூட்டின் முதுகு மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே, ஒரு 3 தௌ அல்லது 4 தௌ பள்ளம் தட்டுப்பட வேண்டும். மேடு தட்டுப்பட்டால் ரிவால்வரில் சிலிண்டர் சுற்றாமல் உரசி நிற்கும். அல்லது முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிப் போய்ச் சுடாமல் இருக்கும். ஐந்தாறு கூட்டுக்குப் பிறகு கண்ணே வேண்டாம், விரலே சொல்லிவிடும்.

பிரைமர் வாங்கினால் வந்த தட்டிலேயே வைத்திருங்கள். எங்கள் மாப்பிள்ளை அழகாக இருக்கிறதே என்று கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி வைக்கப் பார்த்தார். தட்டில் ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் கிடப்பதற்குக் காரணம் இருக்கிறது. பாட்டிலில் ஒன்று வெடித்தால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். பெரும்பாலான பிரைமர் மருந்தில் ஈயமும் உண்டு. சுட்ட கூடுகளைச் சுத்தம் செய்யும்போது கிளம்பும் தூசியிலும் அது இருக்கும். மேசையில் டீ டம்ளர் வைக்காதீர்கள், முடித்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

இனி நம் ஊர்க் கதை. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 7 வருடச் சிறை. துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பது வேறு, தோட்டா செய்யும் லைசென்ஸ் வேறு. பட்டறையும் பித்தளையும் கையில் இருக்கிறதே என்று நம் லேத்காரர்களில் யாருக்காவது கை அரித்தால், வெட் கிரைண்டருக்கு புஷ் கடையுங்கள், அது போதும். 9 எம்எம் இங்கே சாதாரண லைசென்ஸுக்கே கிடைக்காது. நமக்குள்ள தேர்வு பெரும்பாலும் 22-க்கும் 32-க்கும் இடையில்தான்.

அதில் எனக்குக் குழப்பமே இல்லை. விளையாட்டுக்காகத் தொடங்குபவர் முதலில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல், பிறகு 22. 22-இன் பிரைமர் மருந்து தனிப் பொட்டாக இல்லாமல் கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். அதனால் உலகில் எங்கே இருந்தாலும் அதை ஒருமுறை சுட்டால் முடிந்தது, நிரப்பிப் பார்க்கும் ஆசையே வராது. 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வாங்கிய 25 மீட்டர் ரேப்பிட் ஃபயர் 22-இல்தான். 32 சென்டர்ஃபயர் (பிரைமர் கூட்டின் நடுவில் இருக்கும் வகை) அதற்கடுத்த படி. ஜஸ்பால் ராணா 1994-இலும் 2006-இலும் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய பிரிவு அது. பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் ஒலிம்பிக்கில் இல்லை, தோட்டாவும் செலவு.

மாப்பிள்ளை 38-க்கே டை செட் வாங்கினார். நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் முதல் ஐம்பதை முடித்தார், ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. கடையில் வாங்கினால் கால் மணி நேரம் என்று தங்கை சொல்லிக்கொண்டே இருந்தாள். ரேஞ்சில் ஐம்பதும் ஒரே சத்தத்தில் வெடித்தன.

கிளம்பும் அன்று காலை சட்டையை மடித்துப் பெட்டியில் வைக்கும்போது பையில் ஏதோ தட்டுப்பட்டது. அந்த ஐம்பதில் ஒரு காலிக் கூடு, ஞாபகத்துக்கு என்று நானே போட்டுக்கொண்டதுதான். பீளமேடு ஏர்போர்ட்டில் இதை வைத்துக்கொண்டு நின்றால் வீட்டுக்குப் போக மாட்டேன், நேரே ஸ்டேஷன்தான். ஷெட்டுக்குப் போய் வாளியில் போட்டுவிட்டுச் சட்டையையும் பேண்ட்டையும் ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தேன்.